பனங்காட்டுக்கு மேலே ஒரு முழம்

காரைமேட்டுப்பட்டினத்தில் ஒரு நோன்பு மாதத்துச் சாயங்காலம், சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டே வந்து, பனங்காட்டுக்கு மேலே ஒரு முழம் இருக்கும்போது அப்படியே நின்றுபோனது. கயிற்றுக்கடை மக்தூம் மீரான்தான் நிறுத்தினார் என்று ஊர் சொல்லும். மக்தூமைக் கேட்டால், தன் பெண்டாட்டியின் அண்ணன் உதுமான் லெப்பைதான் நிறுத்தினார் என்பார். உதுமானைக் கேட்டால் காறித் துப்பிவிட்டு மக்தூம் பெயரைச் சொல்வார். சூரியனைப் போய்க் கேட்டவர் எவருமில்லை.

மக்தூமின் வாய்க்கு வராத வார்த்தை ஒன்று உண்டு, அது தோல்வி. அவருடைய வள்ளம் நடுக்கடலில் மூழ்கிப்போய், ஆட்கள் மட்டும் நீந்திக் கரையேறி வந்து அழுதபோது, "மூழ்கல, அடியில என்ன கெடக்குன்னு பாக்கப் போயிருக்கு, வரும்" என்றார். புயலில் கடைக்கூரை பறந்தபோது, காற்றோட்டத்துக்காகத் தானே எடுத்துவிட்டதாகச் சொல்லி, ஒரு மாதம் வெயிலில் உட்கார்ந்து கயிறு விற்றார். ஜமாத் தேர்தலில் நின்று அவருடைய ஒற்றை ஓட்டு மட்டும் அவருக்கு விழுந்தபோது, "மத்தவங்க இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

இந்தப் பிடிவாதம் பிறவியில் வந்ததல்ல. ருக்கையாவை அவருக்குப் பெண் கேட்டுப் போனபோது, அவளுடைய காக்கா உதுமான் (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்) கூடம் நிறைந்த ஆட்கள் முன்னால், "இந்தத் தோத்தாங்குளிக்கா என் தங்கச்சி?" என்று கேட்டுவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து ருக்கையா சம்மதம் என்று சொல்லிவிட்டதால் கல்யாணம் நடந்தது, பிரியாணி வெந்தது, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வெளிநாடும் போய்விட்டார்கள். ஆனால் அந்த வார்த்தை மட்டும் சீலா மீன் முள் மாதிரி மக்தூமின் தொண்டையிலேயே கிடந்தது. எதை விழுங்கினாலும் அதையும் சேர்த்துத்தான் விழுங்கினார். வேறு எவரிடம் தோற்றாலும் தோற்கலாம், இந்த ஆளிடம் தோற்றேன் என்று மட்டும் சொல்வதில்லை என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டார். கயிற்றுக்கடைக்காரர் போட்ட முடிச்சு, லேசில் அவிழாது.

அந்த ஊரில் நோன்பு மாதம் வந்தால், பிற்பகல் அசர் தொழுகை முடிந்து வெளியே வரும் ஆண்கள், பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை பசியை ஏமாற்ற உப்பு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியின் நிழலில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவார்கள். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. முன்னொரு காலத்தில், தோற்கிற நிலைக்கு வந்தவன் பாங்குச் சத்தத்தைச் சாக்கு வைத்து எழுந்து ஓடுவதும், மறுநாள் "எந்த ஆட்டம்?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்பதும் வழக்கமாகி, அடிதடிவரை போய்விட்டதால், பெரியவர்கள் கூடி விதித்தார்கள்: பாங்குக்கு முன்னால் ஆட்டம் முடிந்தாக வேண்டும். ராஜா நிற்கிற பலகையை விட்டுவிட்டு எவனும் நோன்பு திறக்கப் போகக்கூடாது. ராஜாவைப் பிடிப்பதும் மரியாதை இல்லை. தோற்பவன்தான் தன் கையால் தன் ராஜாவைச் சாய்க்க வேண்டும், வேறு கை படக்கூடாது. மனிதர்களைக் கட்டிவைக்கப் போட்ட சட்டம் அது. சூரியனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்று பெரியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

மற்றவர்களுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. தெருமுனையில் சம்சா எண்ணெயில் விழும் வாசனை வந்ததும், ஜெயிக்கிற நிலையில் இருப்பவன்கூட ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்துவிடுவான். மக்தூமும் உதுமானும் மட்டும் எதிரெதிரே உட்காரக்கூடாது என்று இரண்டு வீட்டுப் பெண்களும் வருஷக்கணக்காகக் கவனமாக இருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து, எப்போதும் உதுமானோடு ஆடும் ஆளுக்குக் காய்ச்சல்.

"பலகை சும்மா கெடக்கு. மச்சான் ஒக்காருவாகளா, இல்ல பயமா?" என்றார் உதுமான்.

பயமா என்று கேட்டால் மக்தூம் நெருப்பிலும் உட்காருவார். உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் முதலில் ஒரு குதிரை போனது, குதிரையைத் தேடிப் போன யானை போனது, கோபத்தில் ராணியும் போனது. கடைசியில் அவர் பக்கம் மூலையில் ஒரு ராஜாவும், நகர வழியில்லாமல் இரண்டு சிப்பாய்களும் மட்டும் நிற்க, உதுமானின் ராணியும் இரண்டு யானைகளும் கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தக்காரர்கள் மாதிரி காலை நீட்டிக்கொண்டு சுற்றி இருந்தன. சதுரங்கம் தெரியாத ஆடுகூட அந்தப் பலகையைப் பார்த்தால் யார் தோற்றார் என்று சொல்லிவிடும். நகர்த்த வேண்டியது மக்தூம்.

"சாய்ச்சிருங்க மச்சான். கஞ்சி ஆறுது."

"யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ராஜாவுக்குக் கபன் துணி எடுத்து அடக்கம் பண்றதைப் பத்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மக்தூம் ராஜாவைப் பார்த்தபடி கைகளைக் கட்டிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் சூரியன் நின்றது.

முதலில் கவனித்தவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அபூதாகிர். மினாராவில் ஏறி, மைக்கைத் தட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமி, பனங்காட்டைப் பார்த்தபடி நின்ற அவர், நின்றுகொண்டே இருந்தார். கடிகாரம் பாங்கு நேரத்தைத் தாண்டி நடந்தது, சூரியன் நடக்கவில்லை. கீழே தெருக்களில் பாய் விரித்து, பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்த ஜனம், கையை வாய்க்குக் கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மினாராவின் உயரத்திலிருந்து அபூதாகிருக்கு விஷயம் பிடிபட்டது. கிட்டங்கி நிழலில் மக்தூமின் கை ராஜாவை நோக்கி ஒரு விரல் நகர்ந்தால், சூரியனும் ஒரு விரல் இறங்கியது. கை பின்வாங்கினால் சூரியன் திரும்ப ஏறி, பழைய ஒரு முழத்தில் நின்றது. அவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டு, "அடப்பாவி மக்தூம்" என்றார். ஊர் முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு ஊர் அதை ஊர்க்காரியமாக எடுத்துக்கொண்டது, ஆச்சரியப்பட நேரமில்லை. கஞ்சி அண்டாக்களைத் திரும்ப அடுப்பில் ஏற்றினார்கள். சுடவைத்துச் சுடவைத்துக் கஞ்சி களியாகி, களி கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கோழிகள் கூண்டு வாசல்வரை வந்து, உள்ளே போவதா வேண்டாமா என்று ஒன்றை ஒன்று பார்த்தன. மல்லிகைப் பூக்காரியின் கூடையில் மொட்டுகள் மொட்டாகவே இருந்ததால், "வாடாத பூ, வாடாத பூ" என்று கூவி இரட்டை விலைக்கு விற்றாள். பிள்ளைகள் கடற்கரையில் கிரிக்கெட் ஆடி ஆடி, இருட்டிவிட்டது என்று எவரும் கூப்பிட வராததால், உலகத்தில் முதன்முதலாகக் கிரிக்கெட் அலுத்துப்போய்த் தாங்களாகவே வீட்டுக்குப் பாடம் படிக்கப் போனார்கள்.

பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லும் ஆலிம்சா நல்ல மனிதர். பிள்ளைகளும் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடுங்கள் என்று உடனே சொல்லியனுப்பினார். பிறகு கிதாபுகளை விரித்து வைத்துப் பார்த்து, பொழுது சாயாத இடத்தில் பக்கத்து ஊர்ப் பொழுதைக் கணக்கு வைத்து எல்லோருமே திறந்துகொள்ளலாம் என்றார். ஜனம் தலையாட்டியது, ஆனால் எவர் கையும் வாய்க்குப் போகவில்லை. "நீங்க சொல்றது சரிதான் ஹஜ்ரத், ஆனா அது பாத்துக்கிட்டே நிக்குதே" என்று மேற்கே கையைக் காட்டினார்கள். மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போது மருமகள் சாப்பிடுவது எப்படியோ, அப்படி.

அந்த நேரம் பார்த்து, பாலத்துக்கு அப்பால் உள்ள ஆற்றூரிலிருந்து வரும் கடைசி பஸ் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு வந்த டிரைவர் செல்லத்துரை, பாலத்துக்கு இந்தப் பக்கம் சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கவும், விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்கு மேல் தகட்டை இறக்கி விட்டுக்கொண்டு, வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டார். "அப்ப பாலத்தைத் தாண்டுனா ராத்திரிதானே? தாண்டித் திறங்க" என்றார். அது எவருக்கும் தோன்றவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்து, "நோன்பு திறக்கிறவங்க ஏறு, நோன்பு திறக்கிறவங்க மட்டும் ஏறு" என்று கத்த, பஸ் நிறையப் போனார்கள், இருட்டில் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்தார்கள், ஏப்பம் விட்டுக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தார்கள். ஒரு பஸ்தான், ஊர் பெரிது. ஆனாலும் செல்லத்துரை முகம் சுளிக்காமல் போய்ப் போய் வந்தார். ஆற்றூர்க்காரர்கள் எதிர்த்திசையில், நடுராத்திரியில் வெயில் பார்க்கவென்று பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினார்கள்.

உப்பளத்து முதலாளி தனுஷ்கோடிக்குத்தான் கொண்டாட்டம். சாயாத வெயிலில் பாத்தியெல்லாம் உப்புப் பூத்தது. அவர் கிட்டங்கிக்கு வந்து மக்தூமின் காதோரம் குனிந்து, "அவசரமே இல்ல மீரான் பாய். நல்லா யோசிங்க. நாளைக்குக்கூட யோசிக்கலாம்" என்றார். பின்னாலேயே உப்பளத்துப் பெண்கள் காலெல்லாம் உப்பு வெடிப்போடு வந்தார்கள். பொழுது சாய்ந்தால்தான் அவர்களுக்குச் சங்கு ஊதும். "இங்க பாரும், ஒம்ம ராசா நிக்கிறதுக்கு நாங்க எதுக்குய்யா நிக்கணும்?" என்று வேலம்மாள் கேட்டாள். மக்தூம் பலகையையே பார்த்தார்.

ஆலிம்சாவே வந்தார். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மக்தூம், மரக்கட்டை. சாய்ச்சா அதுக்கு வலிக்காது."

"எனக்கு வலிக்கும் ஹஜ்ரத்."

ஆலிம்சா கொஞ்ச நேரம் அந்த ராஜாவையும் மக்தூமையும் மாறி மாறிப் பார்த்தார். "ம்" என்றார். எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதுதான் மக்தூமை அன்றைக்கு முதன்முதலாக அசைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கை தானாகக் கட்டை அவிழ்த்துக்கொண்டு ராஜாவை நோக்கிப் போனது, சூரியன் பனை உச்சியைத் தொட்டது, தெருவெல்லாம் மூச்சைப் பிடித்தது, மோதினார் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து உதுமான் மீசையைத் தடவிக்கொண்டு, "சொல்லுங்க மச்சான், ஒரே வார்த்தை" என்று சொன்னதும் கை திரும்பிவிட்டது. சூரியனும் ஒரு முழம் ஏறிக்கொண்டது. ஊர் "ஹோ" என்று விட்ட பெருமூச்சில் கடற்கரையில் காய்ந்த வலைகள் ஆடின.

மக்தூமுக்குத் தெரியாத ஒன்று, அவர் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. ருக்கையாவுக்குச் சர்க்கரை. நோன்பே வைக்க வேண்டாம் என்று டாக்டரும் ஆலிம்சாவும் வருஷா வருஷம் சொல்வார்கள், அவளும் வருஷா வருஷம் சரி என்று சொல்லிவிட்டு வைப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பஸ்ஸில் இடம் பிடித்து வைத்துக் கூப்பிட்டார்கள்.

"வாங்க லாத்தா, பாலம் வரைக்கும்தானே."

"நிறுத்தி வச்சது என் வீட்டு மனுசனும் என் கூடப்பொறந்தவரும். வேலம்மா வெயில்ல நிக்கிறா. நான் போயி அடுத்த ஊரு இருட்டுல ஒளிஞ்சு குடிக்கவா?" என்று சொல்லிவிட்டு, ருக்கையா ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருநாளும் போகாத உப்புக் கிட்டங்கிக்கு நடந்து போனாள்.

ஆண்கள் கூட்டம் தானாக விலகியது. அவள் பலகைக்குப் பக்கத்தில் ஓர் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து, சொம்பை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு ஆண்களும், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஒனக்கு இங்க என்ன வேலை? வீட்டுல போயி தண்ணி குடி" என்றார் மக்தூம்.

"பாங்கு சொல்லட்டும், குடிக்கிறேன்."

"ருக்கையா, அடம் புடிக்காத. ஒனக்குச் சர்க்கரை" என்றார் உதுமான்.

"அடமா? நல்லா இருக்கு காக்கா, நீங்க சொல்றது." அவள் உதடு வெடித்திருந்தது, அதனால் மெல்லத்தான் பேசினாள். "ஒரு சந்தேகம். நீங்க ஒங்க ராஜாவைச் சாய்ச்சாலும் ஆட்டம் முடியும்ல?"

"நான் ஜெயிக்கிறேன்டி!"

"அதான் கேட்டேன். ஜெயிச்சவருக்குக் கை வராதோ?"

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்துவிட்டு, மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டான். இத்தனை நேரமும் ஊரே மக்தூமின் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர, பலகையில் இன்னொரு ராஜாவும் நிற்கிறது என்பது எவர் கண்ணிலும் படவில்லை. உதுமான் தன் ராஜாவை அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

ருக்கையா மக்தூமின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்குக் கூடத்துல காக்கா ஒரு வார்த்தை சொன்னாரே, அது கதவுக்குப் பின்னால எனக்குக் கேக்கலைன்னா நெனச்சீங்க?"

மக்தூம் கட்டியிருந்த கைகளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் சம்மதம்னு சொன்னேன். தோத்தாங்குளின்னு தெரிஞ்சுதான் வந்தேன். இத்தன வருசமா நீங்க யாருகிட்ட மறைச்சுக்கிட்டிருக்கீங்க?"

அவ்வளவுதான் பேசினாள், அதற்குமேல் பேச அவளால் முடியவில்லை. மக்தூம் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் மடியைப் பார்த்தார். சொம்புத் தண்ணீர், காற்றே இல்லாத அந்த இடத்தில், நடுவிலிருந்து விளிம்புக்கும் விளிம்பிலிருந்து நடுவுக்கும் வளையம் வளையமாக நடுங்கிக்கொண்டிருந்தது. சொம்பு எப்படி நடுங்கும்? அதைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. தொண்டை நிறைய முள்ளை வைத்துக்கொண்டு அத்தனை வருஷம் பேசின மனிதருக்கு, அந்த வளையத்தைப் பார்த்ததும் முள் இருந்த இடம் தெரியவில்லை. கையை நீட்டினார். எதிரே இருந்த உதுமானும் அதே சொம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கையை நீட்டினார்.

ஒரு சத்தம் கேட்டதா இரண்டு சத்தம் கேட்டதா என்பதில் ஊர் இன்றைக்கும் இரண்டு கட்சி. ராஜாக்கள் இரண்டும் சாய்ந்து பலகையில் உருண்டு, ஒன்றன் தலை இன்னொன்றன் காலில் இடிக்க நின்றன. இரண்டு ராஜா சாய்ந்தால் சூரியன் என்ன செய்யும், அதற்கு எந்தச் சட்டமும் போட்டு வைக்கவில்லை. அது கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழுகிற மாதிரி பனங்காட்டுக்குள் தொப்பென்று விழுந்தது. பாங்கு சொல்ல வேண்டிய அபூதாகிர் இருட்டில் மைக்கைத் தேடி, கிடைத்ததும், அழுகையும் பாங்குமாகச் சொன்னார். அப்படி ஒரு பாங்கை அந்த ஊர் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

மக்தூம் சொம்பை வாங்கி ருக்கையாவின் வாயில் வைத்துப் பிடித்தார். மறுபக்கம் உதுமான் பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டுப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். அவள் முழுச் சொம்பையும் குடித்துவிட்டு, "எனக்கு மட்டும் ஊட்டிக்கிட்டிருந்தா? நீங்களும் திறங்க" என்றாள். உப்பளத்தில் சங்கு ஊதியது. வேலம்மாள் அந்தப் பக்கம் போகிறபோது சாய்ந்து கிடந்த ராஜாக்களை ஒரு பார்வை பார்த்து, "இதுக்குத்தானா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்றைய ராத்திரி இரட்டை ராத்திரியாக இருந்தது. ஜனம் விடியுமுன் சகருக்கு எழுந்து சாப்பிட்டுப் படுத்து, விடியாததால் திரும்ப எழுந்து இன்னொரு சகர் சாப்பிட்டது. சேவல்கள் ஒருமுறை கூவி, பதிலாக வெளிச்சம் வராமல், வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டன. மல்லிகை மொட்டுகள் எல்லாம் ஒரே மூச்சில் விரிந்ததில், ஆற்றூர்வரை வாசனை போனதாக செல்லத்துரை சொன்னார்.

மறுநாள் அசருக்குப் பிறகு கிட்டங்கி நிழலில் கூட்டம் இரண்டு மடங்கு. உதுமான் முதலில் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நேத்து முதல்ல ராஜாவைச் சாய்ச்சது நான். ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுக் கொடுத்தேன்."

கயிற்றுக்கடையிலிருந்து மக்தூம் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

"யாரு நீங்களா? என் ராஜா கீழ கெடந்து, அதுக்கப்புறம்தான் ஒங்க கை கெளம்புச்சு! நான்தான் முதல்ல தோத்தேன்!"

ஊர் திரும்பிப் பார்த்தது. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. மக்தூமுக்கே தான் சொன்னது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டார், அவ்வளவு ருசியாக இருந்தது அவருக்கு. "நான் தோத்தேன்! தெருவுல யாரை வேணாலும் கேளுங்க! சுத்தமாத் தோத்தேன்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். "நீங்க எங்க தோத்தீங்க, ஒங்களுக்குத் தோக்கத் தெரியுமா, நான்தான் தோத்தேன்" என்று உதுமான் எழுந்து நின்றார். அன்றைக்குக் கைகலப்பாகியிருக்கும், நல்ல வேளையாகச் சம்சா வாசனை வந்தது.

தீர்ப்புக்கு இரண்டு பேரும் ருக்கையாவிடம்தான் போனார்கள், ஒவ்வொரு நோன்பு மாதமும் போகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதானே. "நான் எங்க பாத்தேன்? சொம்பையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கஞ்சிக்குத் தேங்காய் துருவப் போய்விடுவாள்.

சொம்பைத்தான் பார்த்தாள், பொய்யில்லை. சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது, தண்ணீரில் பலகை தெரிந்தது, பலகைமேல் இரண்டு கைகளும் தெரிந்தன. எந்தக் கை முந்தியது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் இரண்டு பேரில் ஒருத்தர் ஜெயித்துவிடுவார்.